குட்டைப் பலகைகள் பற்றி ஜெமிக்கு

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெமிமாவுக்கு மம்மி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் டாடியும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் ஷெர்வினும் கெசியாக் குட்டியும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்தில் மூன்று பேர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் காபி போடவே போகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. தமிழ் எழுத்தை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய், அதுவும் நல்லதுதான், மெதுவாகவே வாசி. ஷெர்வினின் சித்தப்பா மகன் வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் முந்திரிக்கொத்தும் நாரத்தங்காய் ஊறுகாயும் கெசியாவுக்கு ஒரு பட்டுப் பாவாடையும் கொடுத்து அனுப்புகிறேன். பாவாடையை எடுத்தது டாடி, ஆகையால் அளவைப் பற்றி என்னிடம் கேட்காதே.

இங்கே வெயில் மார்ச்சிலேயே ஆரம்பித்துவிட்டது, மத்தியானம் மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர்தான். பின்வீட்டு மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, குரங்குகளும் அதைக் கவனித்துவிட்டன. டாடி வழக்கம்போலக் காலையில் கம்பெனி நண்பர்களோடு நடைப்பயிற்சி போகிறார், நடப்பது கொஞ்சம், டீக்கடையில் நிற்பது அதிகம். மத்தியானத்தில் நாச்சாரத்தில் அவர் நண்பர் ஜெயச்சந்திரன் நடத்தும் பட்டறைக்குப் போய், கேட்காத யோசனைகளை எல்லாம் சொல்லிவிட்டு வருகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. லெந்து காலம் என்று அசைவத்தை விட்டுவிட்டார், அதற்கு ஈடாக அதிரசத்தைப் பிடித்துக்கொண்டார். சபையில் எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி இன்னும் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளராகத்தான் இருக்கிறாள், இன்னும் நல்லெண்ணத்தோடு எல்லாரையும் படுத்தி எடுக்கிறாள். போன வருஷம் உங்கள் ஊர்ப் பனியில் விழுந்து என் முழங்கால் அடிபட்டபோது வியாதியஸ்தருக்கான ஜெபக் குறிப்பில் என் பெயரைச் சேர்த்தாளே, அதைக் கால் சரியான பிறகும் எடுக்கவே இல்லை. எடுத்துவிடு என்று நான் போய்க் கேட்டதற்கு, கால் சரியாயிட்டு லோயிஸ், புத்தி இன்னும் சரியாகலையே, பனிக்குப் போறேன்னுல்லா நிக்கே, அதுக்குத்தான் இப்ப ஜெபம் பண்ணுதோம் என்றாள். இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையே எழுந்து நின்று எனக்காக வேண்டிக்கொள்கிறது, நானும் எழுந்து நின்று ஆமென் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் சிநேகிதி தார்நாகா ருக்மிணியோடு காஷ்மீர் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே ஸ்கீ கட்டிப் பனியில் சறுக்குவாயா என்று நீ கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ருக்மிணி எடுத்த படத்தை டாடி பெருமை தாங்காமல் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார், நீ அதற்குக் கீழே ஓகே மம்மி என்று மட்டும் எழுதிவிட்டு அந்த வாரம் முழுக்க முகமே காட்டவில்லை. பிறகு போன் செய்து டாடியிடம், டிசம்பர்ல ரெண்டு பேரும் வாங்க, வீட்ல கெசியாகூட ஜாலியா இருங்க, ஆனா மலைக்குப் போற பேச்சே வேண்டாம், மம்மியோட ஸ்கீயை வித்துடப் போறேன் என்று சொல்லியிருக்கிறாய். அந்த ஸ்கீப் பலகையை விற்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, தாராளமாக விற்றுவிடு, அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஆனால் மலைக்கே போகக்கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அறுபத்தைந்து வயது, இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கால் பனியில் நிற்கும் என்று தெரியாது. நிற்கிற வரைக்கும் உன்னோடு இறங்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் அந்தப் பலகைக் கதை. அதை வாங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் கடைக்குள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, நீ வெளியே காரில் கெசியாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, என் தாடை உயரத்துக்கு வருகிற ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். டாடி அதையும் பக்கத்தில் இருந்த நீளமான ஒரு ஜோடியையும் எடுத்து, இரண்டின் விலைச் சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே வெலைக்கு நீளமானது கெடைக்குதுல்லா, அப்புறம் எதுக்குக் குட்டையை வாங்கணும், நாளைக்கு நல்லா ஓட்டப் பழகினா இது பத்தாமப் போகும் என்றார். உன் பள்ளிக்கூடச் சீருடையை மூன்று மடிப்பு வைத்துத் தைத்த மனுஷனல்லவா. ஷெர்வின் ஏதோ சொல்ல வந்தார், மாமனார் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் நான் எங்கே வளரப்போகிறேன் என்று எனக்கும் தோன்றவில்லை பார். நீளப் பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு நடக்கும்போது பெரிய வீராங்கனை மாதிரி இருந்தது, அதிலேயே மயங்கிவிட்டேன். இப்போது கேட்டால் டாடி, அன்னைக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன் என்கிறார். நம்பாதே.

என் தலையைவிட உயரமான அந்தப் பலகையில்தான் இத்தனை வருஷமும் உங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் சறுக்கினேன். அடிபட்டு வந்த பிறகு இங்கே பிசியோதெரபிக்குப் போனேனே, அங்கே இருக்கும் கௌஷிக் என்கிற கோயம்புத்தூர்ப் பையன், கட்டிலில் என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்கி நீட்டிக்கொண்டே பலகை எவ்வளவு நீளம் ஆன்ட்டி என்று கேட்டான். சொன்னேன். நீளம் கூடக்கூட முறுக்கு எல்லாம் முழங்காலுக்குத்தான் வரும், குட்டையா எடுத்துட்டுப் போங்க என்றான், போகாதீங்க என்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனி. அன்று சாயங்காலமே ருக்மிணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் இயற்பியல்காரி, ஒரு கரண்டியையும் ஒரு தோசைத் திருப்பியையும் எடுத்து மேஜையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி அரை மணி நேரம் விளக்கினாள், கடைசியில் அவள் சொன்னதும் கௌஷிக் சொன்னதும் ஒன்றுதான். இந்த வயதில் பலகை குட்டையாக இருந்தால் திருப்புவது எளிது, நிறுத்துவது எளிது, வேகம் குறைவு, தப்பு செய்தால் சின்னதாக விழுவோம். அப்படியானால் குட்டையில் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்கிறேன் என்று தீர்மானித்தேன். டாடி முதலில் ஹூம் என்றார், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் பட்டறையிலிருந்து ஒரு பலகையும் அடியில் உருளும் குழாயுமாகச் சமநிலைப் பயிற்சிக்கு ஒன்று செய்துகொண்டு வந்து கூடத்தில் வைத்தார். அதுவும் தேவைக்கு மேல் ஒரு அடி நீளம். நான் அதில் நிற்கும்போதெல்லாம் பேப்பர் படிப்பது போல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் கொஞ்சம் ஆடினால் பேப்பர் கீழே விழும்.

காஷ்மீரில் குல்மர்கில் வாடகைக்குப் பலகை கொடுக்கிற கடையில் மறுபடியும் அதே கதை. கடைக்காரர் என்னைப் பார்த்து நீளமான ஒரு ஜோடியைத் தூக்கி வந்தார், மேடம் இதுதான் புதுசு, இதுதான் நல்லது என்று இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி வரும்போது நம்ம ஊர் இந்திதானே வரும், நக்கோ பையா, சோட்டா ஹோனா என்றேன், வேண்டாம் அண்ணா, சின்னதுதான் வேணும் என்று. அவர் சிரித்துவிட்டார், ஹைதராபாதா என்று கேட்டார், அங்கிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பெரியதைத்தான் கேட்பார்களாம். மூலையில் பிள்ளைகளுக்கான பலகைகளுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு ஜோடியைத் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார், என் தாடையைத் தொட்டது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, பக்கத்தில் நின்ற டெல்லிக் குடும்பத்தில் பத்து வயதுப் பெண்ணும் ஏறக்குறைய அதே அளவில்தான் வைத்திருந்தாள்.

கற்றுக்கொடுத்தவர் பெயர் பஷீர், வாய் ஓயாத மனுஷர், ஊரில் எந்தெந்தப் பெரிய மனுஷருக்கெல்லாம் தான் சொல்லிக்கொடுத்ததாக முதல் அரை மணி நேரம் கதை விட்டார். நான் ஏழு வருஷமாகச் சறுக்குகிறேன் என்று நானும் கொஞ்சம் கதை விட்டேன். பிறகு பலகையைக் கட்டிக்கொண்டு சின்ன மேட்டிலிருந்து இறங்கினேன். இறங்கின மாத்திரத்தில் பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்தேன். எழுந்து மறுபடி இறங்கினேன், மறுபடி உட்கார்ந்தேன். அன்று காலை முழுக்க விழுந்தேன், எல்லாம் ஒரே மாதிரி, பின்பக்கமாகத்தான். பஷீர், ஆன்ட்டி, பீச்சே குர்சி நஹீ ஹை என்று மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார், பின்னால் நாற்காலி இல்லையாம். ருக்மிணி ஒரு பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காஷ்மீர் கஹ்வா டீ குடித்தபடியே எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். மத்தியானம் ஓட்டலில் அதைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், நான் நிற்கவே இல்லை, முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்து, பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டு வருகிறேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது ஜெமி. நான் எப்போதுமே அப்படித்தான் சறுக்கியிருக்கிறேன். நீளப் பலகைக்குப் பின்னால் வால் நீளம், சாய்ந்தால் அது தாங்கிக்கொள்ளும், சாய்ந்தபடியே கீழே வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நானும் நன்றாகச் சறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன், நீங்களும் மம்மி சூப்பர் என்று கை தட்டினீர்கள். ஆனால் சாய்ந்திருக்கிறவளால் பலகையைத் திருப்ப முடியாது, முன்பக்கம் சொன்னபடி கேட்காது. குட்டைப் பலகை அந்தச் சலுகை எல்லாம் கொடுக்காது, சாய்ந்தால் உடனே உட்கார வைத்துவிடும். மறுநாள் முதல் பூட்ஸின் முன்நாக்கில் கணைக்கால் எலும்பு அழுந்துகிற மாதிரி முன்னால் நிற்கப் பழகினேன், பயமாகத்தான் இருந்தது, பள்ளத்தைப் பார்த்தால் உடம்பு தானாகப் பின்னால் போகிறது. பயப்படுகிற பக்கமே சாயவேண்டும் என்றால் யாருக்குத்தான் வரும். வார முடிவில் வந்தது. கேபிள் கார் முதல் நிறுத்தத்திலிருந்து கீழே அகலமான சரிவில், இடது வலது என்று வளைந்து வளைந்து, ஒரு தடவைகூட விழாமல், நினைத்த இடத்தில் நின்றேன். ஏழு வருஷத்தில் நினைத்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. குரூப்பில் நீ பார்த்த படம் அங்கே எடுத்தது. நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று டாடி சொல்கிறார்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்ததை எழுதுகிறேன். போன வாரம் ஷெர்வின் டாடியிடம் பேசும்போது, தயங்கித் தயங்கி ஒன்று சொல்லியிருக்கிறார். இந்தக் குளிர்காலம் முழுக்க நீ ஒரு நாள்கூட ஸ்கீ கட்டவில்லையாம். சனிக்கிழமை கெசியாவை அவரோடு சரிவுக்கு அனுப்பிவிட்டு நீ மலையடிவாரத்துக் காபிக் கடையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம், வேலை இருக்கிறது என்கிறாயாம். கெசியா வா வா என்று இழுத்தாலும் வருவதில்லையாம். டாடி இதை என்னிடம் சொன்ன அன்று எனக்கு அடுப்படியில் ஒன்றும் ஓடவில்லை, சாம்பாருக்குப் புளி விடவே மறந்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் பனி வேண்டாம் என்று நீ சொல்கிறாய் என்று கோபமாக இருந்தேன், நீயும் விட்டுவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் தோழிகளோடு சேர்ந்து, விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாய், அங்கே போன புதிதில் அழுதுகொண்டு போன் செய்த நீ பனிமலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் சிரித்துப் பேசினாய். அதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா?

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் ஜனவரியில் நான் விழுந்த அன்று நீ முன்னால் இறங்கிக் கீழே திரும்பி நின்றுகொண்டு, வாங்க மம்மி, ஒண்ணும் ஆகாது, வாங்க என்று இரண்டு கையையும் விரித்துக் கூப்பிட்டாய். நான் வந்தேன், விழுந்தேன். மீட்புக்காரர்கள் என்னைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கொண்டுபோகும்போது நீ பக்கத்திலேயே ஓடிவந்து, நான்தான் கூப்பிட்டேன், நான்தான் கூப்பிட்டேன் என்று இங்கிலீஷில் அந்த ஆட்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு வலியில் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஊருக்கு வந்துவிட்டேன், கால் கால் என்று எல்லாரும் காலைப் பற்றியே பேசினோம். உன் மனதில் இருந்ததை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

குல்மர்கில் ஒரு வாரம் விழுந்து விழுந்து நான் தெரிந்துகொண்டது இதைத்தான். அன்று நான் எப்படி விழுந்தேன் என்று இப்போது எனக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரியும். பனிக்கட்டியாக இறுகிப்போயிருந்த அந்த இடத்தில் வேகம் கூடியது, பயந்து பின்னால் சாய்ந்தேன், சாய்ந்ததால் திரும்பவில்லை, அந்த நீள வால் பனிக்கட்டியில் மாட்டியது, கால் ஒரு பக்கம் போயிற்று, முழங்கால் ஒரு பக்கம் போயிற்று. பலகையின் நீளமும் என் நிற்கிற பழக்கமும்தான் என்னைத் தள்ளின. நீ கூப்பிட்டதால் நான் விழவில்லை ஜெமி. நீ கூப்பிடாமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தில், அந்தப் பலகையில் விழுந்துதான் இருப்பேன். இதை ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, ருக்மிணியின் வீடியோவை டாடி உனக்கு அனுப்புவார், நன்றாகப் பார், எப்படி உட்கார்ந்து வருகிறேன் என்று நீயே சிரிப்பாய்.

ஆகையால் சொல்கிறேன், அந்த நீளப் பலகையை இந்த வாரமே விற்றுவிடு, வாங்குகிறவர்கள் உயரமாக இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக் கொடு. எனக்குத் தாடை உயரத்துக்கு ஒரு ஜோடி அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், வாங்கவேண்டாம், டாடியைக் கடைக்குள் விடவேண்டாம். நீயும் ஒரு வருஷம் விட்டுவிட்டாய், முதலில் குட்டையாக எடுத்து எளிய சரிவில் பழகு, பெரிய சரிவுக்கு அவசரமில்லை. பூட்ஸ் போடும்போது காலுறையில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள். ராத்திரி ரொம்ப நேரம் லேப்டாப் பார்க்காதே, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது, வீடியோவில் தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. ஊறுகாயை ஷெர்வினுக்கும் கொடு, நீயே தின்று தீர்க்காதே. கெசியாவுக்குத் தமிழில் ஒரு ஜெபமாவது சொல்லிக்கொடு, இங்கிலீஷில் சொன்னாலும் ஆண்டவருக்குக் கேட்கும், எனக்குத்தான் கேட்காது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம், டாடி இப்போதே குல்லாவை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அவர் மலைக்கு வந்து காபிக் கடையில்தான் உட்காருவார், அந்த இடம் அவருடையது, அதை அவருக்கே விட்டுவிடு.

உன் வேலையையும் உன் வீட்டையும் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கவேண்டும் என்று நானும் டாடியும் கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கிறோம். மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல், கெசியாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு. இன்னொன்று மறக்கவேண்டாம், அடுத்த சீசனுக்கு மலைக்குப் போகிற பாஸை இந்த மாதமே எடுத்தால் விலை குறைவு என்று ஷெர்வின் சொன்னார். எனக்கு எடுக்கிறாயோ இல்லையோ, முதலில் உனக்கு எடு. நீ கூப்பிட்டபோது எனக்குப் பயம் இருந்தது நிஜம், ஆனால் சின்ன வயதில் நடக்கப் பழகின உன்னை நான் கூப்பிட்ட மாதிரியே என் மகள் எனக்குக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது. டிசம்பரில் அதே சரிவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. நீ முன்னால் இறங்கு, கீழே போய்த் திரும்பி நில், இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடு. நான் நின்றபடியே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மம்மி,
லோயிஸ் கிதியோன்